பேட்டரியைத் தினமும் காலி பண்ண வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருந்துறையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "40 சதவீதம் காட்டிட்டே இருந்துச்சுங்க, பொசுக்குன்னு அணைஞ்சுபோச்சு" என்று வருகிறவர்கள் அதிகம். எல்லோருக்கும் புது பேட்டரி தேவைப்படாது. பல நேரம், சார்ஜை அளந்து சொல்லும் கணக்குதான் தப்பியிருக்கும். அதற்குத்தான் காலிபரேஷன். 100 வரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, தானாக அணையும் வரை ஓட்டி, இடையில் பிடுங்காமல் மறுபடி 100 வரை ஏற்ற வேண்டும். இது கணக்கை நேராக்கும், அவ்வளவுதான். தேய்ந்த பேட்டரி தேய்ந்ததுதான்.

காலேஜ் பசங்களுக்கு யாரோ தினமும் பூஜ்யம் வரை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போதைய லித்தியம் அயன் பேட்டரிக்கு அது கெடுதல். காலிபரேஷனைக்கூட எப்போதாவது செய்தால் போதும்.

இன்னொரு எதிரி சூடு. சென்னிமலைப் பக்கம் ஒரு தறிப்பட்டறைக் கணக்கு லேப்டாப், தகரக் கூரைக்கடியில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தது. டச்பேட் மேடாக எழும்பி, அடிமூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. அப்படிப்பட்டதை அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள். எப்போதும் சார்ஜரில்தான் ஓடும் என்றால், பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

லேப்டாப் பழுது பார்ப்பவர்,
பெருந்துறை.