அதே இசையை முழுதாகக் கேட்க விடுங்கள்: புதுச்சேரி விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் விழாவில், வயலினுக்கு எழுதிய ஒரு மேற்கத்திய இசையைக் குழலில் வாசித்த அந்தப் புல்லாங்குழல் கச்சேரிக்குப் பிறகு நீங்கள் எடுத்த முடிவைச் சொல்லும் அறிக்கை எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. உருப்படி நீளமாக இருந்தது, கூட்டம் பாதியில் எழுந்து போய்விட்டது, நம் மக்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது, ஆகவே இனிமேல் மேற்கத்திய இசை என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இதுதான் அதன் சாரம். அன்றைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும், முன்வரிசையில் இருந்தீர்கள். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப்போவதில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் எதைக் கேட்டார்கள், ஏன் எழுந்து போனார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். வேண்டுகோள் ஒன்றுதான். அதே கலைஞரை அழைத்து, அதே இசையை, சொன்ன நேரத்தில் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் இன்னொரு முறை வாசிக்க வையுங்கள். மக்களின் ரசனையைப் பற்றிய தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிள்ளைகளுக்கு மூங்கில் குழல் சொல்லிக்கொடுக்கிறவன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களின் அம்மா அப்பாக்களையும் அன்றைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வயலினுக்கு எழுதியதை ஏன் குழலில் வாசிக்க வேண்டும் என்று உங்கள் குழுவிலேயே சிலர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்விதான். அதற்கான விடை மேடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்க வேண்டியது. ஆர்மீனிய இசையமைப்பாளர் கச்சதூரியன் 1940இல் டேவிட் ஓய்ஸ்ட்ராக் என்ற வயலின் மேதைக்காக எழுதிய கான்செர்டோ அது. கான்செர்டோ என்றால் இசைக்குழுவோடு ஒரு தனி வாத்தியம் முன்னின்று வாசிக்கும் உருப்படி; இது மூன்று பகுதிகள் கொண்டது. பிற்பாடு பிரெஞ்சுக் குழல் கலைஞர் ழான் பியேர் ராம்பால், குழலுக்கு ஒரு கான்செர்டோ எழுதித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டார். புதிதாக எழுதுவதற்குப் பதிலாக, தன் வயலின் கான்செர்டோவையே குழலுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னவர் கச்சதூரியன்தான். ராம்பாலும் 1968இல் அதைச் செய்து முடித்தார். ஆக, பெற்றவரே மனமுவந்து தூக்கிக் கொடுத்த பிள்ளை. அதன்பின் ஜேம்ஸ் கால்வே போன்ற குழல் கலைஞர்களும் அதை எடுத்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. சிறப்பு விருந்தினர்களின் பதவிகளையும் பட்டங்களையும் வாசிக்க மட்டும் நேரம் இருந்தது.

முதல் பகுதியின்போது எங்கள் வரிசையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது. என் பக்கத்தில் அரியாங்குப்பத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் தாளம் தப்பிவிட்டது. கையை நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேட்டார், இடம் பிடிபட்டதும் மறுபடி போட ஆரம்பித்தார். "நான் புல்லாங்குழல் மாலிய நேர்ல கேட்டவன் தம்பி. இது வேற வழி. ஆனா ஆளு பெரிய ஆளு" என்றார். என் மாணவன் ஒருவன் காதோரம் வந்து, "சார், இவரு எங்க மூச்சு எடுக்கிறாரு?" என்று கேட்டான். குழல் கற்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி அது. வயலின்காரர் வில்லைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டே போகலாம். அந்த வில்லை மனதில் வைத்து எழுதிய நீண்ட ஓட்டங்களைக் குழல்காரர் தன் நெஞ்சில் இருக்கும் காற்றைக் கொண்டு கடக்க வேண்டும். எந்த ஸ்வரத்துக்குப் பின்னால் வாயோரம் திறந்து அரை நொடியில் காற்றை வாங்குகிறார் என்று அந்தப் பிள்ளை கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். வகுப்பில் நான் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாத பாடம் அங்கே ஏறியது.

எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா, "வேகம் இருக்குது சார், உருக்கம் இல்லையே" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. வயலினின் அடித்தந்தியில் வரும் கனத்த நாதம் குழலுக்கு எட்டாது. அந்த ஸ்வரங்களை மேலே தூக்கித்தான் வாசிக்க வேண்டும். இரண்டு தந்தியைச் சேர்த்து இழுக்கும் இடங்களும் குழலில் இல்லை. அந்த இழப்பு எனக்கும் கேட்டது. ஆனால் அந்த அம்மா தேடிய உருக்கம் இருப்பது இரண்டாம் பகுதியில். நிதானமாக, நெடுமூச்சு விட்டாற்போல நகரும் பகுதி அது. அதை அவர் ஒழுங்காகக் கேட்கும்படி நீங்கள் விடவில்லை.

முதல் பகுதி முடிந்ததும் அரங்கம் கை தட்டியது. நடுவில் கை தட்டியதை அறியாமை என்று சிலர் பிறகு பேசியதும் காதில் விழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. 1778இல் பாரிசில் தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் கை தட்டியதை மோட்சார்ட் சந்தோஷமாகத் தன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். நம் கச்சேரியிலும் நல்ல சங்கதி விழுந்தால் ‘ஆகா’ என்கிறோம். கைதட்டலில் தவறில்லை. அந்தக் கைதட்டலைச் சாக்காக வைத்து மைக்கைக் கையில் எடுத்ததுதான் தவறு. தாமதமாக வந்த விருந்தினருக்குப் பொன்னாடை, அவருக்கு நினைவுப் பரிசு, அவர் பேச்சு, அவரோடு வந்தவர்களுக்கும் பொன்னாடை, பிறகு எல்லோரும் நின்று ஒரு புகைப்படம். இவ்வளவும் ஒரே உருப்படியின் நடுவே நடந்தன.

அந்த நேரம் முழுக்க அந்தக் கலைஞர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களில் யாராவது கவனித்தீர்களா? ஏசியின் நேர் கீழே ஓரமாக நிற்க வைத்திருந்தீர்கள். குழலைக் கைக்குள் அடக்கி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவ்வப்போது ஊதுதுளையை உதட்டால் மூடி, சத்தம் வராமல் உள்ளே வெதுவெதுப்பான மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். குளிர்ந்தால் குழலின் சுருதி இறங்கும். உலோகக் குழலும் அப்படித்தான், என் மூங்கிலும் அப்படித்தான். பக்கவாத்தியமாக இருந்த பியானோவின் சுருதியோ அசையாது. பேச்சு நீண்டுகொண்டே போனது, அவர் ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டே நின்றார். கடைசியில் இரண்டாம் பகுதியைத் தொடங்கியபோது முதல் சில வரிகள் பியானோவோடு ஒட்டாமல் ஒரு இழை இறங்கித்தான் இருந்தன. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து, "சுருதி சேரலையே" என்றார். அவ்வளவு பெரிய வித்துவானுக்கு அந்தப் பெயர் யாரால் வந்தது? இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

எழுந்து போனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழைப்பிதழில் ஆறரை என்று போட்டிருந்தீர்கள். முதல் ஸ்வரம் வந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. கடலூர், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று தெற்கே போக வேண்டியவர்களுக்கு மறைமலையடிகள் சாலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டிய கவலை. மறுநாள் காலை பள்ளிக்கூடம். இரண்டாம் பகுதி நடுவிலேயே அம்மாக்கள் பையை எடுத்தார்கள். என் மாணவி ஒருத்தி, மேடையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து, கதவு நிலையில் முதுகு இடித்த பிறகுதான் திரும்பினாள். மூன்றாம் பகுதிதான் குழல்காரரின் விரலுக்கும் மூச்சுக்கும் உச்சகட்டச் சோதனை, சுழன்று சுழன்று ஓடும் பகுதி. அதில் ஒரு துளிகூட எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கணக்கில் இவர்கள் எல்லோரும் ரசிக்கத் தெரியாமல் போனவர்கள்.

இது உங்கள் விழாவில் மட்டும் நடப்பதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் ராகத்தை விரித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போடுகிறார்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் வர்ணம் முடிந்து மூச்சு வாங்கும் பெண்ணை நிற்க வைத்துவிட்டு வாழ்த்துரை வழங்குகிறார்கள். மேடை யாருக்கானது என்பதையே நம் ஊர்களில் மறந்துவிட்டோம். கலைஞரைக் கூப்பிட்டுக் காக்க வைப்பதை மரியாதை என்று நினைக்கிறோம். பொன்னாடையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிப்பு முடிந்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் போர்த்துங்கள். ஊருக்குப் போக வேண்டியவர்கள் அதற்குள் போய்விடுவார்கள், யாருக்கும் இழப்பில்லை.

‘நம் மக்களுக்கு ஒத்துவராது’ என்ற சொல்தான் என்னை எழுதவே வைத்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், கும்பினிக்காரர்கள் கொண்டுவந்த வயலினைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு அது இல்லாத கச்சேரி அபூர்வம். மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம், வாய்ப்பாட்டின் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நயத்தை, குழலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வழியில் என். ரமணி வந்தார். ஒரு வாத்தியத்தின் சொத்தை இன்னொரு வாத்தியம் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆர்மீனியரின் வயலின் இசையைக் குழலுக்கு மாற்றியதைக் கேட்டு ரசிக்க, புதுச்சேரியையும் கடலூரையும்விட அதிகமாகத் தயாரான காது எங்கே இருக்கிறது? தாளம் போட்ட பெரியவரும், மூச்சை எண்ணிய பையனும், உருக்கம் போதாது என்ற அம்மாவும் தந்தவைதான் அன்றைய உண்மையான விமர்சனங்கள். அவை உங்கள் அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

கோபம் எழுத்தில் கூடுதலாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிதி திரட்டி, அரங்கம் பிடித்து, இப்படியொரு கலைஞரை நம் ஊருக்கு வரவழைத்தவர்களே நீங்கள்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அந்த உரிமையில்தான் மறுபடியும் கேட்கிறேன்: கால் மணி நேர விதியைத் திரும்பப் பெறுங்கள். அதே இசையை முழுதாக ஒருமுறை வாசிக்க வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வைத்தால் எல்லோரும் இருட்டும் முன்பே வீடு போய்ச் சேரலாம். மூன்று பகுதிகள், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுங்கள். ஒரு பகுதி நடக்கும்போது கதவைச் சாத்தி வையுங்கள். தாமதமாக வருகிறவர் யாராக இருந்தாலும் அது முடிந்த பிறகு உள்ளே வரட்டும். ஆள் போதவில்லை என்றால் கதவருகே நானும் என் மாணவர்களின் அப்பாக்களும் நிற்கிறோம்.

தேதியைத் தெரிவித்தால் கடலூரிலிருந்து இந்த முறை இன்னும் கூடுதலாகப் பிள்ளைகளை அழைத்து வருகிறேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
குழல் ஆசிரியர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.