லினக்ஸுக்கு ஒரு வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், நின்றுபோனது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கணினி வைத்திருப்பவர்கள் புதிது வாங்க வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தார்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகவே போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளம் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் ‘அது புரோகிராமர்களுக்கானது’ என்று. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த ஆதரவு நின்ற 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு என் கடைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் பழுது என்று எதுவுமே இல்லை. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப், அல்லது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத போர்டு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான ஓர் எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தால் அதே மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் இலவசமாகவே வரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தன் பழைய டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார். அவர் பயமெல்லாம் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வினாத்தாள்கள் பற்றித்தான். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துதான் தெரியும். லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரேஆபிஸில் திறந்ததும் வரிவரியாக ஆங்கில எழுத்துக்கள் தெரிய, முகம் வாடிவிட்டது. “டீச்சர், ஃபான்ட்தான் இல்ல, ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல” என்று சொல்லி, பாமினி ஃபைலை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தேன். ஆவணத்தை மூடித் திறந்ததும் திருக்குறள் வினாக்கள் அப்படியே வந்து நின்றன. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்க தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக் மூன்று விசைப்பலகையும் இருக்கின்றன. டைப்ரைட்டரை அமைத்துக் கொடுத்தேன். இப்போது பென்ஷன் விவரம் பார்ப்பது, பேரனோடு வீடியோ காலில் பேசுவது, கட்டுரை எழுதுவது எல்லாம் அதில்தான். அவர் புரோகிராமர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் பென் டிரைவைச் செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடும் வைரஸ் பலருக்கும் பழக்கமானது. “அண்ணே, புராஜெக்ட் எல்லாம் போச்சு” என்று கல்லூரிப் பிள்ளைகள் கண்கலங்கி வருவார்கள். லினக்ஸ் கணினியில் செருகிப் பார்த்தால், அந்த வைரஸ் மறைத்து வைத்த ஃபோல்டர்கள் பளிச்சென்று தெரியும். வைரஸும் அங்கே ஓடாது. காப்பி எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

எல்லோருக்கும் லினக்ஸ்தான் சரி என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதும் டேலியும் படம் திருத்தும் போட்டோஷாப்பும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவற்றை நம்பித் தொழில் செய்பவர்களிடம் விண்டோஸிலேயே இருங்கள் என்றுதான் சொல்கிறேன். சில பிரிண்டர்களுக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களுக்கும் சரியான டிரைவர் கிடைக்காது. கடையில் வைத்துச் சோதிக்காமல் யாருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை.

ஆனால் லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வராததற்கு இவையெல்லாம் காரணமல்ல. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் கறுப்புத் திரையில் எது வேண்டும் என்று கேட்கும். அது என்ன என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் கடைக்கு வந்து, “அண்ணே, அந்த பாஸை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுங்க” என்பார்கள். காசு கொடுத்து அதை அழித்துக்கொண்டு போன பிள்ளைகள் ஏராளம். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வு எல்லாமே லினக்ஸ் போல யாரும் தடையில்லாமல் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளில்தான். பள்ளிகளின் கணினிக் கல்விக்கான கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துத் தங்கள் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயாரித்துத் தருகிறது. அங்கே படித்த பிள்ளைக்கு லினக்ஸ் திரை அந்நியமாக இருக்காது.

நம் அரசும் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்திருக்கிறது. இந்த முறையாவது, லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் கல்லூரியிலேயே லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய, புதிய மென்பொருள் ஏற்ற, ஃபைல்களைப் பேக்கப் எடுக்க ஒரு நாள் வகுப்பு வைக்கட்டும். அரசின் எந்தச் சேவைக்கான மென்பொருளாக இருந்தாலும் லினக்ஸிலும் ஓட வேண்டும் என்று டெண்டரிலேயே நிபந்தனை போடட்டும்.

உங்கள் இதழில் லினக்ஸ் பற்றிப் படங்களோடு ஒரு சிறு தொடர் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் எங்கள் ஊர் வாசகர்களுக்கு, கூலி வாங்காமல் ஏற்றிக் கொடுத்து, உட்கார வைத்துச் சொல்லியும் தருகிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் வாசகர்,
கோவில்பட்டி