மன்றக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மாநகராட்சி மன்றக் கூட்டம் நெருங்குகிறது. நம் பகுதி மறுசீரமைப்பும் அதில் வருகிறது. கூட்டத்தன்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பல விஷயங்கள் மாநகராட்சியின் உட்குழுக் கூட்டங்களிலேயே பேசி முடிந்துவிடும். மன்றத்தில் கை தூக்குவது மட்டும்தான் பாக்கி இருக்கும்.

அஜெண்டா வந்ததும் தலைப்போடு நிறுத்தாமல் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். போன தடவை நான் ஏமாந்தது அங்கேதான். தலைப்பில் 'வளாக மேம்பாடு' என்று ஒரே வரி. கடைசிப் பக்க வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நாம் தினமும் நடக்கிற சந்து சிவப்புக் கோட்டுக்குள்ளே இருந்தது! 'நில உபயோக மாற்றம்', 'தளப்பரப்பு குறியீடு' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். முதலாவது, அந்த இடத்தில் என்ன வரலாம் என்பது. இரண்டாவது, மனையின் அளவுக்கு மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பது. குறியீடு 2 என்றால் மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டிடம்.

ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுங்கள், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு. வாங்கிக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு எந்தக் கோப்பிலும் ஏறாது.

வாடகைக்கு இருப்பவர்களும் எழுதலாம், தயங்க வேண்டாம். இடிக்கும்போது முதலில் பெட்டி கட்டுவது அவர்கள்தானே. அப்புறம், காலை வணக்கப் படங்களைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள், ப்ளீஸ். வரைபடங்கள் அதற்கடியில் புதைந்துவிடுகின்றன.