பெஞ்சை எடுத்துடாதே, மாது

மாது,

காத்திருக்கிறவங்க உட்கார்ற பெஞ்சை எடுத்துட்டு, போன்ல நேரம் கொடுத்து முடி வெட்டப் போறேன்னு நீ எழுதின கடிதமும், உன் சலூன் கடை வரைபடமும் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாததுக்கு நல்லா திட்டிக்கோ. தருமபுரியில எல்லாரும் சுகம். நீ பாதி மீசையை வழிச்சுவிட்டதைப் பெரியசாமி இன்னும் மறக்கல.

ஏ.சி. போடு, கண்ணாடிக் கதவு போடு. பெஞ்சை மட்டும் எடுக்காதே. போன்ல நேரம் கேட்டு வர்றவன் வெட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான். பெங்களூரா மாங்கா டன் என்ன விலை, ஒகேனக்கல்ல எத்தனை கன அடி தண்ணி வருது, ராயக்கோட்டையில தக்காளி என்ன ரேட்டு, எல்லாம் முறைக்குக் காத்திருக்கிற அந்த நேரத்துலதான்டா பேச்சுல வரும். சனி ராத்திரி பெங்களூர்ல இருந்து வர்ற பசங்க, எந்த இடத்துல வேலைக்கு ஆள் வேணும்னு சொல்றதும் அங்கதான்.

பெஞ்சைக் கண்ணாடிக்கு எதிர்ச் சுவர்ல போடு. நாற்காலில இருக்கிறவர் தலையைத் திருப்பாம, கண்ணாடியில பார்த்தே பேசுவார். பக்கவாட்டுல போட்டா பேச்சுக்குப் பேச்சு தலை திரும்பும், கத்தி கிழிச்சிடும். நாற்காலியைச் சாய்ச்ச பிறகும் நடுவுல 3 அடி இருக்கணும். நீ பின்னாடி நிக்க இடம் வேணுமே. தினத்தந்தி ஒண்ணு வாங்கி, தாள் தாளா பிரிச்சு வை. ஒரே பேப்பரை நாலு பேர் படிப்பாங்க.

கூட்டம் சேர்ற கடையில சுத்தம் தவறினா நோய் ஊருக்கே போகும். பிளேடை ரெண்டா ஒடிச்சு, ஆளுக்கு ஒரு புதுப் பாதியை அவர் கண்ணு முன்னாடியே மாட்டு. ஒரே படிகாரக் கட்டியை எல்லார் முகத்துலயும் தேய்க்கிற பழக்கத்தை விட்டுடு. கீறல் ரத்தத்துல பரவி ஈரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும்டா. படிகாரத்தைப் பொடிச்சுத் தண்ணில கரை, ஆளுக்குப் புதுப் பஞ்சால தொட்டு வை. டிரிம்மர்ல படர்தாமரை பரவும். ஒவ்வொரு தலை முடிஞ்சதும் முடியைத் தட்டி, 70 சதவீத ஸ்பிரிட் அடிச்சுக் காயவிட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. எண்ணெய் இல்லாம ஓட்டினா சூடேறி முடியைப் பிடிச்சு இழுக்கும்.

இன்னொண்ணு மாது. இன்னாருக்கு வெட்டாதேன்னு யாராவது சொல்ல வருவாங்க. தீண்டாமை பார்த்துத் திருப்பி அனுப்புறது 1955லேயே சட்டப்படி குற்றமாயாச்சு. சட்டமே இல்லன்னாலும் நீ அனுப்பமாட்டே, தெரியும். ஆனா நாற்காலில உட்கார வெச்சிட்டு, காத்திருக்கிறப்போ வாசல்ல நிக்கவிடுற கடை இருக்கு. உன் பெஞ்சுல எல்லாரும் தோளோட தோள் உட்காரணும்.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை லீவு, கிருஷ்ணகிரி வரேன். அதுவரைக்கும் ஆசாரிக்கு முன்பணம் கொடுத்துடாதே. 6 அடி வேப்பம்பலகை ஒண்ணு இங்க சும்மா கிடக்கு.

முனியப்பன்