பாடப்போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்குயின் கஃபே என்ற ஆங்கிலேய வாத்தியக் குழுவைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். புது இசைத்தொகுப்பை வெளியிட்டுவிட்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் புறப்படுகிறார்கள், குழுவில் பாடகர் என்று ஒருவர் இல்லை, வயலின், செலோ, பியானோ என்று வாத்தியங்கள் மட்டுமே என்றெல்லாம் விளக்கமாக எழுதிய கட்டுரையாளருக்கு நன்றி. இந்தக் குழுவைப் பற்றி ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடைசிப் பந்தியில், வரிகள் இல்லாத இசையை இருந்து கேட்கிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். அதை வாசித்தபிறகுதான் பேனையை எடுத்தேன்.

முதலில் ஒரு திருத்தம். இந்தக் குழுவின் பெயர்பெற்ற உருப்படிக்குக் காரணமான ஆர்மோனியம் லண்டனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது என்று கட்டுரையில் இருந்தது. அப்படியல்ல. 1982இல் ஜப்பானின் கியோட்டோ நகரத்து ஒழுங்கை ஒன்றில் யாரோ கழித்துப் போட்டிருந்த பெட்டி அது. குழுவைத் தொடங்கிய சைமன் ஜெஃப்ஸ் கண்டெடுத்து, ஒரு நண்பர் வீட்டில் கொண்டுபோய் வைத்து வாசித்துப் பார்த்திருக்கிறார். அதில் பிறந்த மெட்டை இன்று அயர்லாந்தின் நாட்டுப்புற வாத்தியக்காரர்கள் தங்கள் பாட்டன் சொத்துப்போல வாசிக்கிறார்கள்.

குழு தோன்றிய கதை இன்னும் வேடிக்கை. 1972இல் ஜெஃப்ஸ் தென்பிரான்ஸில் பழுதான மீனைச் சாப்பிட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தார். அந்த மயக்கத்தில் தோன்றிய காட்சிகளில் தொடங்கியதுதான் பெங்குயின் கஃபே ஓர்கெஸ்ட்ரா. (பழுதான மீனால் எங்கள் திருகோணமலையில் மீன்காரரோடு சண்டைதான் வந்திருக்கிறது, இசை வந்ததாக நான் அறியேன்.) முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. 1997இல் அவர் காலமானார். 2009இல் மகன் ஆர்தர் வேறு கலைஞர்களைச் சேர்த்து, பெயரில் இருந்த ஓர்கெஸ்ட்ராவை மட்டும் விட்டுவிட்டு, அப்பாவின் உருப்படிகளையும் தன்னுடையவற்றையும் வாசிக்கத் தொடங்கினார். நாதஸ்வரக்காரர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம்தானே இது.

லண்டனில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி பத்து வருடத்துக்கு முதல் பெரியவர் காலத்துச் சீடி ஒன்றை அனுப்பியிருந்தாள். அதில் ஓர் உருப்படிக்குச் சுருதி டெலிபோன் சத்தம்! மணி அடிக்கிற ஓசையையும் எங்கேஜ் ஓசையையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கூட ரப்பர் பட்டி ஒன்றைச் சுண்டுகிறார்கள். முதல் தரம் கேட்டபோது எங்கள் வீட்டுப் போன்தான் என்று எழும்பிப் போனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் சிவராத்திரி முடிந்த கையோடு ஒரு தரம் திருகோணமலைக்கு வரவேண்டும். ஐந்து நாள் கோணேசப் பெருமான் மலையை விட்டிறங்கி நகர்வலம் வருகிற நாட்கள் அவை. சந்தியில் சுவாமி நிற்க, முன்னால் மேளக்காரர் வட்டமாக நின்று வாசிப்பார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்து நாக்கில் நனைத்து மாட்டி ஊதிப் பார்ப்பார். தவில்காரர் விரல்களில் மாட்டிய கூடுகளைச் சரிசெய்துகொள்வார். அதற்குள்ளேயே சனம் நெருக்கியடித்து நிற்கத் தொடங்கிவிடும். மீன்கடைக்காரர், முச்சக்கரவண்டிக்காரர், கையில் அர்ச்சனைத் தட்டோடு அம்மாமார். யாரும் வரிகளைத் தேடி வந்தவர்கள் அல்லர்.

கீர்த்தனை வாசிக்கும்போது தெரிந்தவர் மனதுக்குள் சொற்கள் ஓடத்தானே செய்யும், அது வரிகள் உள்ள இசைதானே என்று கேட்கலாம். ஒத்துக்கொள்கிறேன். சினிமா மெட்டு வாசித்தால் பக்கத்தில் நிற்பவர் வாய் திறந்தே பாடிவிடுவார். ஆனால் அரை மணித்தியாலம் ஒரு தோடி ராகத்தை விரித்துக்கொண்டு போகிறபோது எந்தச் சொல் ஓடும்? தனித் தவிலுக்கு எந்த வரி? யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்த தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவருடைய தனியைக் கேட்பதற்காக விடிய விடியக் கோயில் வீதியில் குந்தியிருந்த கதையை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. சைக்கிள் திருத்துகிறவர்.

எங்கள் சனத்துக்குக் கேட்கத் தெரியும் ஐயா. மேடை போடுகிறவர்களுக்குத்தான் அந்த நம்பிக்கை இல்லை.

சென்ற வருடம் என் மாணவர்கள் நால்வரையும் கூட்டிக்கொண்டு இங்கே ஒரு விழாவுக்குப் போனேன். இரண்டு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு புல்லாங்குழல், நான் ஆர்மோனியம். பிள்ளைகள் தாங்களே கட்டிய மூன்று உருப்படிகள். ஒன்று உப்புவெளிக் கரையில் வலை இழுக்கிறபோது கேட்கிற தாளத்தை வைத்துச் செய்தது. ஒழுங்கமைப்பாளர் கேட்ட முதல் கேள்வி, பாடப்போவது யார் என்பது. யாருமில்லை என்றதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். பிரதம விருந்தினர் வரும்வரைக்கும் வாசியுங்கள் என்றார். வாசித்தோம். இரண்டாவது உருப்படியின் நடுவில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து, வெளியே வழியை மறித்து நிற்கும் வாகனத்தின் இலக்கத்தை வாசித்தார். மிருதங்கக்காரப் பொடியன் நிறுத்தாமல் தீர்மானம் என்கிற முடிவுச் சொற்கட்டை எடுத்து முடித்தான். பின்வரிசைக் கதிரைகளில் இருந்து கைதட்டு வந்தது. முன்வரிசை இன்னும் காலியாகவே இருந்தது.

மூன்றாவது உருப்படி வாசிக்கக் கிடைக்கவில்லை. விருந்தினர் வந்துவிட்டார்.

செலோவோடு ஒரு குழு விமானம் ஏறுவதென்றால் அந்த வாத்தியத்துக்கும் பெரும்பாலும் ஒரு இருக்கைச் சீட்டு எடுக்கவேண்டும். அப்படியிருந்தும் அவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள் என்றால், போகிற இடத்தில் ஒரு மண்டபமும் ஒன்றரை மணித்தியாலமும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் போதும், இடையில் வாகன இலக்கம் வாசிக்காவிட்டால் சரி. தங்கள் கட்டுரையாளர் அடுத்த தரம் வெளிநாட்டுக் குழுவைப் பற்றி எழுதும் பக்கத்திலேயே, வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இப்படிப் பாட்டில்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும் இளையவர்கள் யார் யார் என்று தேடி நாலு வரி எழுதட்டும்.

இன்னொரு உதவி. என் ஆர்மோனியம் கடற்காற்றில் கிடந்து, உள்ளே ஓசை தருகிற பித்தளை நாக்குகள் பச்சை பிடித்துவிட்டன. மேல் ஸ்தாயியில் இரண்டு சுரங்கள் பேசுவதில்லை. ஒன்று அழுத்தாமலே பேசுகிறது. நாக்குச் சுரண்டிச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருந்தால் தங்கள் அலுவலகம் வழியாக எனக்கு அறியத்தந்தால் உபகாரமாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.