அவள் அழ ஆரம்பித்தால் எனக்குச் சொல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், ஒடிசா இல்லத்திலிருந்து நீங்கள் தத்தெடுத்து அமெரிக்காவுக்குக் கூட்டிப்போன பாப்பாவும் சௌக்கியம்தானே. "குழந்தை அழவே இல்லம்மா, யார் கூப்பிட்டாலும் போறா, மூணு வாரத்துல செட் ஆயிட்டா" என்று நேற்று போனில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அப்போதே பதில் சொன்னால் உன் குரல் இறங்கிவிடும் என்றுதான் எழுதுகிறேன். செட் ஆகவில்லை. மூன்று வயதுக் குழந்தை யாரிடம் வேண்டுமானாலும் போகிறது என்றால், இன்னும் யாரையும் தனக்குச் சொந்தமாக நினைக்கவில்லை என்று அர்த்தம்.

ஒடிசாவில் அவள் இருந்த மாதிரி இல்லங்களில் ஆயாக்கள் ஷிஃப்ட் மாறி வருவார்கள். காலையில் ஒருத்தி, ராத்திரி இன்னொருத்தி, எல்லாரும் 'மாஉசி'தான், நாம் சித்தி என்கிற மாதிரி. சிரித்துக் கையை நீட்டுகிற பிள்ளைக்குத்தான் அங்கே இடுப்பு கிடைக்கும். அந்தச் சாமர்த்தியத்தோடு வந்திருக்கிறாள். அதனால் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கால் கழுவிவிடுவது, தூங்கவைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் நீங்கள் இரண்டு பேர் மட்டும். மற்றவர்கள் எட்ட நின்று கொஞ்சட்டும், விளையாடட்டும். அவளே ஓடிப்போய்க் கையைத் தூக்கினால் "அம்மாகிட்ட கேளு" என்று உன் பக்கம் திருப்பிவிடச் சொல். தமிழ்ச் சங்கத் தீபாவளிக்கு இந்த வருஷம் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. போனால் ஒரு மணி நேரம், உன் இடுப்பிலேயே. ஆளாளுக்கு வாங்கித் தூக்கி வாயில் மைசூர்பாகு திணித்தால் மூன்று வாரமாக நீ செய்த வேலை வீண்.

இதனால்தான் நவம்பர் டிக்கெட்டைப் பிப்ரவரிக்கு மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நான் வந்தால் சும்மா இருக்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

சாப்பாட்டு விஷயம். தலையணைக்கு அடியில் சப்பாத்தித் துண்டு இருந்தது என்றாய். பிடுங்காதே, திட்டாதே, அவள் எதிரில் எடுத்துக் கொட்டவும் கொட்டாதே. ஒரு சின்ன மூடி டப்பா கொடு, அது அவளுடையது. காலையும் மாலையும் நீயே அதில் வாழைப்பழத் துண்டு, பிஸ்கட் போட்டு வை. எப்போதும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஒளிப்பது தானாகக் குறையும், ஆனால் மாதக் கணக்கு ஆகும். வாந்தி எடுக்கும்வரை சாப்பிடுகிறாளே, அதற்குக் காரணம் பேராசை இல்லை. மணி அடித்தால் அளந்து போட்ட சோறுதான் தெரியும், வயிறு நிறைந்ததா என்று கேட்டுப் பழகவே இல்லை. இரண்டரை, மூன்று மணிக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, மடியில் வைத்து முகம் பார்த்துக் கையால் ஊட்டு. எப்போதும் குழைந்த சோறே தின்ற பிள்ளைக்கு மெல்லத் தெரியாமலும் இருக்கலாம். வேகவைத்த கேரட், பிறகு இட்லி, பிறகு தோசை ஓரம் என்று படிப்படியாகப் போ. நான்கு வயதுவரை முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

சாம்பாரைத் தள்ளிவிடுகிறாள் என்றால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அது அவளுக்கு அந்நியச் சாப்பாடு. நம் பழைய சோறுதான் அவர்கள் ஊரில் பகாள. புளிக்கவைக்காமல் அன்றைக்கே செய்வது சஜ பகாள. அதையே முதலில் கொடு. சோற்றை ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி, உப்பும் இரண்டு ஸ்பூன் தயிரும் போட்டுக் கையால் மசித்தால் போதும். அடுத்தது டால்மா. கால் கப் துவரம்பருப்பு, ஒரு கப் காய் (பரங்கி, வாழைக்காய், பப்பாளிக்காய்), மஞ்சள், உப்பு, எல்லாம் ஒன்றாக வெந்ததும் கடுகு, சீரகம், வெந்தயம், சோம்பு, கருஞ்சீரகம் ஐந்தும் நெய்யில் தாளித்துக் கொட்டு. இறக்கியபின் வறுத்த சீரகப் பொடி ஒரு சிட்டிகை. அவர்கள் அதில் மிளகாயும் சேர்த்து வறுப்பார்கள், நீ சேர்க்காதே. அந்த வாசனை அவள் மூக்குக்குத் தெரிந்ததாக இருக்கும்.

தூக்கம். வரிசைக் கட்டில், எரிகிற விளக்கு, பக்கத்தில் பத்துப் பிள்ளைகள் மூச்சுவிடுகிற சத்தம், இப்படித் தூங்கிய குழந்தைக்கு நீ பிங்க் பெயின்ட் அடித்து வைத்த தனி அறை இருட்டுக் கிணறு மாதிரி. மெத்தையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடு, சின்ன விளக்கு எரியட்டும். உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடினால் பிடித்து நிறுத்தாதே. தன்னைத் தானே தாலாட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான். முதுகில் கை வைத்து நீயும் கூடவே முணுமுணு. ராத்திரி விழித்தாலும் கூப்பிட மாட்டாள், கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். அழுதால் ஆள் வராத இடத்தில் பிள்ளைகள் அழுவதை விட்டுவிடும். அதனால் அழாவிட்டாலும் நீயே எழுந்து போய்த் தொட்டுப் பார். சில வாரமோ மாதமோ கழித்து, ஒரு நாள் ராத்திரி உன்னைக் கூப்பிட்டு வீடே அதிர அழுவாள், பகலில் பாத்ரூம் வாசல்வரை உன் பின்னால் வந்து கத்துவாள். மாப்பிள்ளை பயந்துபோய் "நல்லா இருந்தாளே" என்பார். எனக்கு அப்போது போன் பண்ணு, நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை. அதுதான் நல்ல செய்தி.

ஒடியா வேகமாகப் போய்விடும், சில மாதங்களில் காணாமலே போகும். அது போய் உங்கள் பேச்சு வருவதற்குள் எந்த மொழியும் கையில் இல்லாத ஒரு காலம் வரும். கடிப்பது, தரையில் புரள்வது எல்லாம் அப்போதுதான். பாணி என்றால் தண்ணீர், பாத என்றால் சோறு, போக என்றால் பசி, நித என்றால் தூக்கம். இந்த நாலு வார்த்தையையாவது நீ பிடித்து வைத்துக்கொள். கொஞ்சும்போது உன் வாயில் தானாக எது வருகிறதோ அதையே பேசு, அது தமிழாக இருந்தால் தமிழ். காதுப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதே. மூன்று வயது முடிந்துவிட்டதால் பேச்சில் சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி மாவட்டத்துக்கே எழுதிக் கேட்கலாம், மதிப்பீடு இலவசம்.

டாக்டரிடம். இங்கிருந்து வந்த ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதே. ரத்த எண்ணிக்கை, இரும்புச் சத்து, ரத்தத்தில் ஈயம், தைராய்டு, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ் எல்லாம் அங்கே புதிதாக எடுக்க வேண்டும். மலப் பரிசோதனை வெவ்வேறு நாளில் மூன்று தடவை, ஒரு தடவையில் ஜியார்டியா என்கிற குடல் கிருமி கண்ணில் படாமல் தப்பிவிடும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருக்கிறது என்று காசநோய்ச் சோதனையை விட்டுவிடக் கூடாது, ரத்தத்தில் பார்க்கச் சொல். காசநோய், ஹெபடைடிஸ், எச்ஐவி மூன்றையும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். இன்னொன்று, இடுப்புக்குக் கீழே நீலக் கறை மாதிரி பிறவி மச்சம் இருந்தால் போட்டோ எடுத்து டாக்டரின் குறிப்பில் ஏற்றச் சொல். தெரியாத டீச்சர் அடிபட்ட காயம் என்று நினைத்துப் புகார் கொடுத்துவிடுவாள். எடை முதலில் ஏறும், உயரம் பின்னால் வரும். ஸ்வீடனுக்குத் தத்துப்போன இந்தியப் பெண் பிள்ளைகளில் பலர் சீக்கிரமே வயதுக்கு வந்ததை அங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எட்டு வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கினால் டாக்டரிடம் காட்டு. இப்போதைக்கு வளர்ச்சி அட்டவணையை மட்டும் விடாமல் குறித்து வா.

பேப்பர் வேலையில் நீ கெட்டிக்காரி. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாவது வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று, குழந்தை எப்படி இருக்கிறாள் என்கிற அறிக்கை இந்தியாவுக்குப் போக வேண்டும். கலெக்டர் கொடுத்த தத்து ஆணையையும், இல்லத்தில் எழுதிக்கொடுத்த குழந்தை அறிக்கையையும் பாங்க் லாக்கரில் வை. வந்தபோது போட்டிருந்த கவுனைத் துவைக்காமல் ஜிப் பையில் போட்டு வை, பின்னால் கேட்பாள். பெற்றவளைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல், தெரியாததற்குக் கதை கட்டாதே. "எவ்வளவு பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்று யாராவது அவள் எதிரிலேயே ஆரம்பித்தால், "எங்க பொண்ணுங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்று. உன் பெரியத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சஜ பகாள செய்து பார். முதல் வாய் வைத்ததும் அவள் முகம் என்ன ஆனது என்று எழுது. வீடியோ எடுக்காதே, கையில் போன் இருந்தால் ஊட்ட முடியாது.

அன்புடன்,
அம்மா