எட்டேகால் மணிக்கு வந்து எண்ணுங்கள்: போக்குவரத்துத் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகராட்சிப் பொறியாளர் அவர்களுக்கும் போக்குவரத்துத் திட்டப் பிரிவினருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளிக்கூடச் சாலையை அகலப்படுத்துவதற்காகச் சென்ற மாதம் தாங்கள் நடத்திய வாகனக் கணக்கெடுப்பைப் பற்றி எழுதுகிறேன். கணக்கெடுக்க வந்த இளைஞர்கள் நாற்காலி போட்டு அமர்ந்தபோது மணி ஒன்பதரை; அதற்குள் அச்சாலையை நிறைத்துச் சென்ற மாணவர்களின் மிதிவண்டிகள் எல்லாம் பள்ளிக்குள் பூட்டப்பட்டுவிட்டன. அப்புறம் வந்த பால்காரரும் கீரைக்கார அம்மாவும் படிவத்தில் எப்படி விழுந்திருப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியும்: சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, ஒரு காரை ஓர் அலகாகக் கொண்டால் நகரச் சாலையில் ஒரு மிதிவண்டி அரை அலகு அல்லது அதற்கும் குறைவு. அது சாலையில் வண்டி அடைக்கும் இடத்துக்கான அளவு, ஆட்களின் எண்ணிக்கை அன்று. ஆனால் தனியாளாகக் காரில் போகிறவர் ஒன்றாகவும், ஒரே வண்டியில் செல்லும் இரு மாணவியர் அரையாகவும் அறிக்கையில் நிற்கும்போது, சாலை யாருக்கு அகலமாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் சென்ற ஐப்பசி மழையன்று, பின்னால் ஒலியெழுப்பிய பேருந்துக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினாள். மழைநீர் வடிகாலின் இரும்பு மூடியில் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் அமைந்திருந்ததால், தேங்கிய நீருக்கடியில் முன்சக்கரம் இடுக்கில் இறங்கி நின்றுவிட்டது. மோவாயில் மூன்று தையல். கோட்டம் எடுக்கக் கொண்டுபோனபோது சைக்கிள் கடைக்காரர் சொன்னார், அந்த மாதம் அதே மூடியில் மாட்டி வந்த நான்காவது சக்கரமாம் அது. தங்கள் ஆய்வைவிட அவர் கணக்கில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் வழியே புதுக்கோட்டைப் பெண்களை மிதிவண்டி ஏறவைத்ததில் மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. அதே ஆண்டில் தொடங்கி 2010க்குள் ஸ்பெயினின் செவில் நகரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குத் தடுப்புள்ள, அறுபடாத மிதிவண்டித் தடங்களை அமைக்க, பயணங்கள் பல மடங்கு பெருகின. நமக்கு வாய்த்தது, கார் நிறுத்த வசதியாகத் தீட்டப்பட்ட ஒரு பச்சைப் பட்டையும், ஞாயிறு காலைகளில் கொடியசைத்துத் தொடங்கிவைக்கப்படும் விழிப்புணர்வுப் பேரணியும். பேரணிக்கு வருகிற வண்டிகளைப் படமெடுக்க ஆள் கிடைக்கிறது. பள்ளிக்குப் போகிற வண்டிகளை எண்ணத்தான் கிடைக்கவில்லை.

கோபம் சற்று மீறிவிட்டது, பொறுத்தருள வேண்டும். கேட்பது பெரிதன்று. அகலப்படுத்தும் திட்டத்தை இறுதி செய்யுமுன் பள்ளி நாளொன்றில் காலை எட்டேகால் முதல் ஒன்பது வரையிலும், மாலை பள்ளி விடும் நேரத்திலும், அலகாக அல்லாமல் ஆட்களாக எங்கள் பிள்ளைகளை எண்ணுங்கள். எண்ணியதை அறிக்கையில் சேருங்கள். அந்த வடிகால் மூடிக்குக் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்க ஒரு வெல்டரும் அரை நாளும் போதும், அதற்கு எந்த ஆய்வும் வேண்டாம்.

எண்ண வருகிறவர்களுக்கு வேப்பமரத்தடியில் நாற்காலியும் தேநீரும் பெற்றோர் பொறுப்பு.

பணிவன்புடன்,
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்